துரையின் கடிதமும் கங்காணியின் துண்டும்

1869ஆம் ஆண்டு இலங்கையின் ஊவாப் பகுதி மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தூள் படிந்தது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த த்வெயிட்ஸ் நோய் பிடித்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சண ஆய்வில் பேர்பெற்ற பார்க்லி பாதிரியார் அதே ஆண்டு நவம்பரில் ‘கார்டனர்ஸ் குரோனிக்கிள்’ இதழில் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் சூட்டினார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் கிட்டத்தட்ட இல்லாமலே போயின. தாவர நோய்களின் வரலாற்றில் மடுல்சீமையின் பெயர் இப்படித்தான் ஏறியது.

அந்த இலை போன வழி நமக்குத் தெரியும். ஆனால் பங்களாவில் இருந்தவர்கள் அந்த மாதங்களில் ஊருக்கு என்ன எழுதினார்கள்? சம்பளம் கொடுக்க வழியில்லாமல் போனபோது எந்தக் கங்காணியின் ஆட்களை முதலில் நிறுத்தினார்கள்? நிறுத்தப்பட்டவர்கள் எந்த மலைக்குப் போனார்கள்? விஞ்ஞான இதழில் இதற்கெல்லாம் இடமில்லை. கடிதத்தில் இருக்கலாம், கணக்குக் கொப்பியில் இருக்கலாம், கங்காணி வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் நான்காக மடித்த ஒரு சீட்டில் இருக்கலாம். இப்படிப்பட்ட காகிதங்களைத் தேடிப்போய், தூசு துடைத்து, படம்பிடித்து, அட்டவணை போட்டுக் காப்பாற்றுகிற வேலையைப் பதுளையில் இருந்துகொண்டு ஒருவர் செய்து வருகிறார்.

அவர் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆபீஸ் கிளாக்கரின் மகளாகப் பிறந்தவர். பாடசாலை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். தம் பெயரையும் தமக்குக் காகிதம் கொடுத்த குடும்பங்களின் பெயர்களையும் எழுதக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பான நிபந்தனை. பெட்டிகளில் இருப்பவை கல்யாணப் பேச்சும் கடனும் நோயும் பிள்ளைகளின் பிறப்பும் பற்றிய சேதிகள். “நம்பிக் கொடுத்தாங்க. அந்த நம்பிக்கைதான் இந்த வேலைக்கு முதல்” என்கிறார்.

இந்த வேலையில் அவர் முதலில் தெரிந்துகொண்டது, ஒரு குடும்பத்துக் காகிதம் ஒருபோதும் அந்த ஒரு குடும்பத்தைப் பற்றியதாக மட்டும் இருப்பதில்லை என்பது. துரைமாரின் குடும்பங்கள் கல்யாணத்தாலும் உத்தியோகத்தாலும் ஒன்றுக்கொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டவை. கங்காணிமாரின் குடும்பங்கள் கடனாலும் ஊர் உறவாலும் கட்டுண்டவை. இந்த இரண்டு வலைகளும் தோட்டத்து ஆபீஸில் சந்தித்தன. ஒரு பெட்டியைத் திறந்தால் இரண்டும் சேர்ந்தே வெளியே வரும்.

துரைமார் பக்கத்து முடிச்சு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த குடும்பங்களே சாட்சி. ஏ. எம். ஃபெர்குசன் 1837இல் இலங்கைக்கு வந்து ‘சிலோன் ஒப்சர்வர்’ பத்திரிகையின் ஆசிரியரானவர். அவருடைய தம்பி வில்லியம் தாவரங்களைத் தொகுத்தவர். சகோதரர் மகன் ஜோன் 1861இல் வந்து அதே பத்திரிகையில் சேர்ந்தார். ஏ. எம். ஃபெர்குசனின் மகன் டொனல்ட் போர்த்துக்கேயர் கால வரலாற்றை ஆராய்ந்தவர். இந்தக் குடும்பம் வெளியிட்ட டிரெக்டரியில் ஒவ்வொரு தோட்டத்தின் பெயரும், ஏக்கர் கணக்கும், சொந்தக்காரரும், அப்போது அங்கிருந்த துரையும் வரிசையாக அச்சாகியிருக்கும். புதிதாக வந்த சின்னத்துரைமாருக்காக ‘இங்கே வா’ என்ற பெயரில் வந்த தமிழ்க் கையேடும் இளைய ஏ. எம். ஃபெர்குசன் எழுதியதுதான். பத்திரிகை, டிரெக்டரி, வேலை வாங்கத் தேவையான தமிழ் மூன்றும் ஒரே வீட்டிலிருந்து வந்தன.

காகிதங்களைத் தேடிக் காப்பாற்றும் நம் பாதுகாப்பாளருக்கு அந்த டிரெக்டரி அன்றாடக் கருவி. “அன்புள்ள வில்லி” என்று தொடங்கி “உன் ஜோர்ஜ்” என்று முடியும் கடிதத்தில் தோட்டத்தின் பெயரும் மாதமும் மட்டும் இருந்தால், எந்த ஜோர்ஜ் எந்த ஆண்டு அங்கிருந்தார் என்று டிரெக்டரியின் அடுத்தடுத்த பதிப்புகளைப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். துரைமார் தோட்டம் மாறிக்கொண்டே இருப்பார்கள். ரோபேரித் தோட்டத்தில் சின்னத்துரையாக இருந்தவர் சில ஆண்டுகளில் பசறைப் பக்கம் பெரியதுரையாகியிருப்பார். மடுல்சீமையும் கண்டிப் பக்கத்து மடுல்கெலையும் வேறு வேறு ஊர்கள் என்பது தெரியாதவர்கள் எழுதிய அட்டவணைகளும் உண்டு. வெளிநாட்டு நூலகமொன்றின் பட்டியலில் “மடுல்” என்று தொடங்கும் எந்தப் பெயரைக் கண்டாலும், பக்கத்தில் குறிப்பிட்டுள்ள ஆறு, மலை, தபால் நிலையம் ஆகியவற்றைச் சரிபார்க்காமல் அவர் ஏற்றுக்கொள்வதில்லை.

இன்னொரு முடிச்சு பொகவந்தலாவைத் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கெமரன் 1879இல் இறந்து அடக்கமானது அங்கேதான். கணவர் சார்ல்ஸ் ஹே கெமரன் அடுத்த ஆண்டில் அவர் பக்கத்தில் சேர்ந்தார். இலங்கை நிர்வாகத்தை மாற்றியமைத்த கோல்புரூக்–கெமரன் ஆணைக்குழுவின் கெமரன் இவர்தான். கோப்பித் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர். ஜூலியாவின் சகோதரி பேத்தி எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப். அவர் 1912இல் மணந்த லெனார்ட் வுல்ஃப் அதற்கு முன் 1904 முதல் 1911 வரை யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். கெமரன் வீட்டுக்கும் வுல்ஃப் வீட்டுக்கும் நடுவே இலங்கை எத்தனை தடவை வந்து போகிறது பாருங்கள். லெனார்ட்டின் காகிதங்கள் இன்று சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஜூலியாவைப் பார்க்க 1877இல் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த்தின் படங்கள் லண்டன் கியூ தோட்டத்தில் தொங்குகின்றன. ஜூலியா இலங்கையில் எடுத்த படங்களில் மிஞ்சியவை கொஞ்சம்தான். இவற்றில் எந்த ஒன்றைத் தனியாகப் பார்த்தாலும் கதை பாதியில் நின்றுவிடும்.

ஊவாவுக்குள்ளேயே இதற்கு உதாரணம் உண்டு. அப்புத்தளையில் 1931இல் கட்டிய அடிஷாம் பங்களாவின் சொந்தக்காரர் சர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ். பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரஸலின் மகள் வழிப் பேரன். 1887இல் இலங்கைக்கு வந்து, பிறகு ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவராக உயர்ந்தவர். கொழும்பு ஏஜென்சிக் கம்பனிகளின் கதைகளை ‘மேர்கன்டைல் லோர்’ என்ற நூலில் எழுதியவர். தாம் பிறந்த கென்ட் மாவட்டத்து ஊரின் பெயரையே வீட்டுக்கு வைத்தார். 1960களின் தொடக்கத்தில் அது பெனடிக்ட் சபைத் துறவியரின் மடமாயிற்று. வில்லியர்ஸின் நூலறையை இன்றும் அங்கே போய்ப் பார்க்கலாம். வீடு கைமாறும்போது நூலறை நூலறையாகவே நின்றது பெரிய பாக்கியம் என்று பாதுகாப்பாளர் சொல்லும்போது குரலில் ஒரு தவிப்பு தெரிகிறது. மற்ற பங்களாக்களில் என்ன நடந்தது என்பதை அறிந்தவர் அவர்.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. இரண்டு தடவையும் ஆபீஸ் அலுமாரிகள் திறக்கப்பட்டன, மூடப்பட்டன, இடம் மாறின. கணக்குக்குத் தேவையானது மிஞ்சியது. “பழசு” என்று ஒதுக்கியது ஸ்டோருக்குப் போனது. ஸ்டோரிலிருந்து எங்கே போனது என்று பல இடங்களில் கேட்டால் அடுப்பைக் காட்டுகிறார்கள். பாதுகாப்பாளரின் அப்பா வேலை பார்த்த காலத்தில் ஒரு தோட்டத்தில், கட்டுக்கட்டாக இருந்த பழைய செக்ரோல்கள் என்ற தொழிலாளர் பதிவேடுகள் தேத்தூள் சுற்றப் போயின. அப்பா அதைச் சொல்லிச் சொல்லி வருந்தியதுதான் மகளை இந்த வேலையில் இறக்கியது.

கடிதங்கள் பிழைத்த இடத்தில் வரலாறு எப்படி மாறுகிறது என்பதற்கு ஜேம்ஸ் டெய்லரைச் சொல்ல வேண்டும். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டவர் என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் வருகிற மனிதர். ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷையரிலிருந்து 1852இல் 16 வயதில் வந்தார். 1892இல் இறக்கும்வரை அதே தோட்டத்திலேயே இருந்தார். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருப்பதால், அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் ஒரு முழு வாழ்க்கை தெரிகிறது. 2017இல் ஏஞ்சலா மெக்கார்த்தியும் டி. எம். டிவைனும் அந்தக் கடிதங்களை ஆதாரமாக வைத்துத் தனி நூலே எழுதினார்கள். அதே கின்கார்டின்ஷையர் ஊர்களிலிருந்து உறவுக்காரர்களும் அயலவர்களும் ஒருவர் பின் ஒருவராக இங்கே வந்து சேர்ந்தது அதில் விரிவாக இருக்கிறது. ஒருவர் இன்னொருவருக்கு வேலை தேடிக் கொடுக்க, அவர் தம் தம்பியை அழைக்க, ஒரு கிராமமே மலைநாட்டுக்குக் குடிபெயர்ந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணி ஆள் சேர்த்த முறையும் இதேதான். இந்த ஒற்றுமையைத் தோட்ட வரலாறு எழுதியவர்கள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

கல்லறைகளும் இந்த வேலைக்குள் வரும். ஜே. பென்றி லூயிஸ் 1913இல் வெளியிட்ட இலங்கைக் கல்லறை வாசகங்களின் தொகுப்பு குடும்ப மரம் வரைவதற்கு இணையில்லாத துணை. அப்புத்தளையில் 1845இல் இடிவிழுந்து இறந்த மேஜர் ரோஜர்ஸின் நினைவாகப் பதுளையில் கட்டிய சென் மார்க்ஸ் தேவாலயத்தின் சுவர்க் கல்வெட்டுகளைப் பாதுகாப்பாளர் தம் கையாலேயே எழுதி எடுத்திருக்கிறார். யார் யாருக்கு மைத்துனர், எந்தக் குழந்தை எந்தக் காய்ச்சலில் போனது என்பதெல்லாம் கடிதத்தில் செல்லப் பெயராக வரும். கல்லில்தான் முழுப்பெயர் கிடைக்கும்.

இனி வேலையின் உள்விவரம்.

பெட்டி வந்ததும் எதையும் எடுக்கக்கூடாது. முதலில் இருக்கிறபடியே மேலிருந்து படம். ஒவ்வொரு அடுக்கையும் தூக்குவதற்கு முன் இன்னொரு படம். 1898இல் ஒல்லாந்து ஆவணக்காப்பாளர் மூவர் எழுதிய கையேடு இந்தத் தொழிலின் அடிப்படை விதியை வகுத்தது: காகிதங்களை வைத்திருந்தவர் எந்த ஒழுங்கில் வைத்தாரோ அந்த ஒழுங்கு காப்பாற்றப்பட வேண்டும். ஆண்டு வரிசையில் அடுக்குகிறேன் என்று ஆர்வக்காரர் ஒருவர் இறங்கினால் எல்லாம் கெட்டுப்போகும். ஒரு பெட்டியில் அம்மாவின் கடிதக் கட்டுக்கு நடுவே ஒரு மருந்துக் கடை பில் செருகியிருந்தது. கட்டின் ஒழுங்கு கலையாமல் இருந்ததால்தான் அது எந்தக் குழந்தையின் நோய் என்று புரிந்தது. உறையைத் தூக்கி எறியாதீர்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதற்காகத்தான். உறையின் மேலுள்ள தபால் முத்திரை பல நேரங்களில் கடிதத்தைவிட உண்மையான தேதி சொல்லும்.

அந்தக் காலத்துக் கடிதத்தாள் மெல்லியது. தபால் கட்டணம் எடைக்கு எடை என்பதால், ஒரு பக்கம் எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்காகவே மேலும் எழுதியிருப்பார்கள். பழகாத கண்ணுக்கு வெறும் சல்லடை. கடுக்காய் மாதிரியான துவர்ப்புப் பொருளையும் இரும்பு உப்பையும் சேர்த்துக் காய்ச்சிய மை காலப்போக்கில் தாளையே அரித்துத் தின்னும். அழுத்தி எழுதிய இடங்களில் எழுத்து ஓட்டையாகிவிட்டிருக்கும். ஓட்டைக்குப் பின்னால் ஜப்பானியக் கைத்தாளை மாப்பசையால் மிக மெலிதாக ஒட்டித் தாங்கல் கொடுக்கலாம். அந்தப் பசையிலும் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். ஈரம் பட்டால் மையிலுள்ள அமிலம் பரவும்.

ஆபீஸ் பக்கத்துக் காகிதம் வேறு சிக்கல். தட்டச்சுப் பொறிக்குக் கார்பன் தாள் வருவதற்கு முன், அனுப்பும் கடிதத்துக்குப் பிரதி எடுக்க ஜேம்ஸ் வாட் 1780இல் காப்புரிமை பெற்ற முறையைத்தான் உலகம் முழுவதும் கையாண்டார்கள். ஈரமாக்கிய மெல்லிய தாளைக் கடிதத்தின் மேல் வைத்து இரும்புப் பிரஸ்ஸில் அழுத்தினால் மையின் சாயல் தாளில் ஏறும். தாளின் மறுபக்கம் வழியாக அதைப் படிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட இந்தக் கொப்பிகளில்தான் துரை கொழும்புக்கு எழுதிய உண்மையான நிலவரம் இருக்கிறது. ஒரு துளி தண்ணீர் பட்டால் ஊதா மை பக்கம் முழுக்கக் கரைந்தோடும். மழையில் ஒழுகிய ஸ்டோரிலிருந்து வந்த பல கொப்பிகள் வெறும் ஊதாக் கறையாகவே அவர் கைக்கு வந்திருக்கின்றன.

மடுல்சீமையின் காலநிலை காகிதத்துக்குப் பாதி எதிரி, பாதி நண்பன். ஊவாவின் கிழக்கு விளிம்பில் இருக்கும் மலை இது. வடகீழ்ப் பருவமழை நவம்பர் தொடங்கி இங்கே கொட்டும். மூடுபனி சுவருக்குள் இறங்கும். பூஞ்சணம் பிடிப்பது அந்த மாதங்களில்தான். ஜூலை, ஆகஸ்டில் வறண்ட கச்சான் வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தரும் அதே காற்றுத்தான் காகிதத்துக்கும் நல்ல காலம். பெட்டிகளைத் திறப்பது, பூஞ்சணத்தை மென்தூரிகையால் துடைப்பது, துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றுவது எல்லாவற்றையும் அந்த மாதங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார். பழைய தேயிலைப் பெட்டியில் கிடைப்பவை சில சமயம் ஆச்சரியப்படும் அளவு நன்றாக இருக்கும். உள்ளே ஒட்டிய ஈயத்தாள் ஈரத்தைத் தடுத்திருக்கும். அதற்காக அதிலேயே விட்டுவைக்கவும் முடியாது. பெட்டிப் பலகையின் அமிலம் தாளை மஞ்சளாக்கும். அமிலமற்ற அட்டைப் பெட்டி கொழும்பில் வாங்கினால் விலை அதிகம். நல்ல பருத்தித் துணியில் சுற்றிச் சுத்தமான அட்டையில் கட்டி, கறையான் ஏறாத இரும்பு ராக்கையில் தரையிலிருந்து உயர்த்தி வைப்பது கையில் காசில்லாதவர்களுக்கு அவர் சொல்லும் வழி. வேப்பிலையும் கற்பூரமும் பூச்சியை ஓரளவு விரட்டும். ஆனால் தாளின் மேல் நேரடியாகப் போடக்கூடாது.

இவ்வளவு கவனமும் துரைமாரின் காகிதத்துக்கு மட்டும் என்றால் அவர் இந்த வேலையைத் தொட்டிருக்கவே மாட்டார்.

தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லயத்துப் பெட்டிகளில் இருப்பது வேறு வகை. அதில் அவர் மிக உயர்வாக மதிப்பது துண்டு. ஒரு கங்காணி தன் ஆட்களோடு தோட்டம் மாற நினைத்தால், அவரும் அவர் ஆட்களும் தோட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் அனுப்பிவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் மட்டும் கங்காணியின் தலையிலும் அவர் மூலமாகத் தொழிலாளியின் தலையிலும் ஏறிக்கொண்டே போகும். 1921இல் சட்டம் போட்டு இந்த முறையை ஒழித்தார்கள். ஒரு துண்டில் இரண்டு துரைமாரின் பெயர், ஒரு கங்காணியின் பெயர், ஆட்கணக்கு, ஒரு தொகை, ஒரு தேதி எல்லாம் இருக்கும். இரண்டு வெள்ளைக் குடும்பங்களையும் ஒரு தமிழ்க் குடும்பத்தையும் அந்தக் கையளவு காகிதம் ஒன்றாகத் தைத்துவிடுகிறது. துரை அதே வாரம் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் “ஆள் கிடைத்துவிட்டது” என்று ஒரு வரி இருக்கும். அந்த ஆள் யார் என்பது துண்டில்தான் இருக்கும். ஒன்று எடின்பரோவிலும் மற்றது மடுல்சீமை லயத்திலும் கிடந்தால் இரண்டும் ஊமை.

லயத்துப் பெட்டியைத் திறக்கச் சொல்வது எளிதில்லை. அங்கே காகிதம் என்றால் நினைவுப் பொருள் இல்லை, உயிர்க் கவசம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய–பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க, 1946 ஜனவரிக்கு முந்திய காலத்தில், மணமானவர்கள் ஏழு ஆண்டும் மணமாகாதவர்கள் பத்து ஆண்டும் தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். செக்ரோலில் பெயர் இருக்கிறதா, பிறப்புப் பதிவு இருக்கிறதா, பிள்ளை தோட்டப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த தேதி இருக்கிறதா என்று குடும்பங்கள் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்தன. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனதில் பிரசாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மிஞ்சியவர்களில் பெரும்பாலோரைத் தலைக்கணக்காகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை பலருக்கு இந்தக் கதை முடியவில்லை.

மடுல்சீமைக்கு மேலே ஒரு லயக் காம்பராவில் முதிய தாயொருவர் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: “இத நீங்க கொண்டு போயிட்டா, நாங்க யாருன்னு கேக்குறவங்களுக்கு எதக் காட்டுறது புள்ள?” பாதுகாப்பாளர் அவரை அப்பாயி என்றுதான் அழைப்பார். “கொண்டு போக வரல்ல அப்பாயி. இங்கயே வெளிச்சத்தில வச்சுப் படம் புடிச்சிட்டு ஒங்க கையிலயே தாறேன்” என்றார். அன்றிலிருந்து லயத்துப் பெட்டிகளுக்கு அவருடைய முறை இதுதான். காகிதம் வீட்டில், பிரதி வெளியில். துரைமார் குடும்பத்துப் பெட்டிகளை மட்டுமே, வாரிசுகள் எழுதிக் கொடுத்த பிறகு, தம் அறைக்குக் கொண்டுபோகிறார்.

காகிதம் வீட்டில் இருப்பதிலும் ஆபத்து உண்டு. 1983 ஜூலையில் பதுளை எரிந்தது. கடைகளோடும் வீடுகளோடும் எத்தனை குடும்பங்களின் உறுதிகளும் படங்களும் போயின என்பதற்குக் கணக்கே இல்லை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியவர்கள் அடுத்த வாரமே அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைய வேண்டியிருந்தது. பிரதி வேறோர் ஊரில் இருக்க வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் இதிலிருந்து வந்தது.

இன்னொரு தொல்லை லேமினேஷன். அருமையான காகிதம் என்பதாலேயே பிரசாவுரிமைச் சான்றிதழையும் பழைய பிறப்புப் பதிவையும் கடையில் கொடுத்துப் பிளாஸ்டிக்கில் அடைத்துவிடுகிறார்கள். சூடும் பசையும் தாளுக்குள் இறங்கியபின் பிரித்தெடுக்க முடியாது. பொலிஸ்டர் உறையில், மேல்புறமும் ஒரு பக்கமும் திறந்தபடி வைத்தாலே போதும் என்று தோட்டம் தோட்டமாகச் சொல்லிக்கொண்டு போகிறார்.

பேசத் தயங்கும் உறவும் இந்தப் பெட்டிகளில் உண்டு. துரைமாருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள். கடிதத்தில் அவர்கள் வருவதில்லை. கணக்குக் கொப்பியில் மாதம் தவறாமல் ஒரு பெண்ணின் பெயருக்கு ஒரு தொகை, ஏதோ ஒரு கன்னியர் மடத்துக்குக் கட்டணம் என்று வருவார்கள். இந்தியாவில் இப்படிப்பட்ட காகிதங்கள் காப்பாற்றப்பட்டதால் நேர்ந்த ஒன்றை அவர் அடிக்கடி எடுத்துச் சொல்கிறார். அசாம், டார்ஜிலிங் தேயிலைத் துரைமாரின் பிள்ளைகளுக்காக ஜே. ஏ. கிரகாம் பாதிரியார் 1900இல் கலிம்போங்கில் தொடங்கிய இல்லத்திலிருந்து, 1908க்கும் 1938க்கும் இடையில் 130 பேர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவரின் பேத்தியான வரலாற்றாசிரியர் ஜேன் மெக்கேப், இல்லத்தில் இருந்த ஒவ்வொரு பிள்ளைக்குமான கோப்பைத் தேடிப் படித்து, 2017இல் அந்தக் குடும்பங்களின் வரலாற்றை எழுதினார். தாத்தா யார், பாட்டி எந்த ஊர் என்று தெரியாமலே வளர்ந்த பலருக்கு அந்தக் கோப்புகளில் விடை கிடைத்தது.

ஊவாவில் அப்படி எழுதப் பாதுகாப்பாளர் அவசரப்படவில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் உயிரோடிருக்கும்வரை அந்தப் பக்கங்களைப் பூட்டி வைக்கிறார். அழிக்கச் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு. அழிக்க மறுத்துவிட்டார். பூட்டுவதற்கு மட்டும் சம்மதித்தார். அது சரியான முடிவு. அந்தத் தாய்மாரின் பெயர் பதிவாகியிருக்கும் ஒரே இடமாக அந்தக் கணக்குக் கொப்பியே இருக்கக்கூடும்.

தனிப்பட்டவர் காகிதங்களுக்குப் போக்கிடம் இல்லாமல் இல்லை. கேம்பிரிஜ் பல்கலைக்கழகத் தெற்காசிய ஆய்வு மையம், இலங்கை விவசாயக் குடியேற்றங்களை ஆராய்ந்த பி. எச். ஃபார்மர் பணிப்பாளராக இருந்த காலத்தில், இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்து திரும்பிய பிரித்தானியக் குடும்பங்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வீட்டுச் சினிமாச் சுருள்களையும் கேட்டு வாங்கியது. அங்கே மேரி தாட்சர் தொகுத்த பட்டியல் 1973இல் நூலாக வந்தது. அதே ஆண்டில்தான் இலங்கையின் தேசிய சுவடிகள் கூடச் சட்டமும் வந்தது. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்துப் பழைய லயத்தில் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் நடக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் தமிழ் ஆவணங்களை இணையத்தில் ஏற்றிவருகிறது. ஒவ்வொன்றும் தன் பங்கைச் செய்கிறது. கேம்பிரிஜில் இருக்கும் துரையின் நாட்குறிப்பையும் லயத்தில் படம்பிடித்த துண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டும் பதிவேடு மட்டும் எங்கும் இல்லை என்பது அவருடைய குறை. அதைத்தான் கையால் எழுதிவருகிறார். தோட்டத்தின் பெயர் ஒரு பத்தியில், ஆண்டு அடுத்ததில், பிறகு துரை, கங்காணி, காகிதத்தின் வகை, மூலம் இருக்கும் இடம், உறவு. “உறவு” என்ற பத்திதான் மற்ற எல்லாவற்றையும்விட அகலமானது.

இப்போது அந்தப் பதிவேட்டில் நீலகிரிப் பெயர்கள் ஏறத் தொடங்கியுள்ளன. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறியவர்களில் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்டார்கள். அண்ணன் குடும்பம் மடுல்சீமையில், தம்பி குடும்பம் கூடலூரில், அப்பா வாங்கிய துண்டு யாரிடம் என்று தெரியாமல் இருந்த ஒரு கங்காணி வம்சத்துக்குப் போன மழைக்காலத்தில் விடை வந்தது. கூடலூர்ப் பேரன் அலுமாரியிலிருந்து எடுத்துத் தொலைபேசியில் படம் அனுப்பினார். முன்பக்கத்தில் துரையின் கையெழுத்து தெளிவாக இருந்தது. பாதுகாப்பாளர் உடனே பதில் போட்டார்: “தம்பி, பின்பக்கத்தையும் எடுத்து அனுப்புங்க. பணம் வாங்கினவங்க பேரெல்லாம் அங்கதான் எழுதுவாங்க.”